எபிசோட் 41: ரீகால் வந்தாச்சு, நமக்கு லெட்டர் வரலை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கார் பத்திப் பேசப் போறோம். மைலேஜ் எவ்வளவு, சன்ரூஃப் இருக்கா, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், அதெல்லாம் வேற சேனல்ல நல்லாவே பேசுறாங்க. நம்ம விஷயம் வேற. ஆட்டோமேட்டிக் காரோட கியர்பாக்ஸை ஒரு சாஃப்ட்வேர் ஓட்டுது. அதுல தப்பு இருந்தா கம்பெனி வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்ணித் தரணும். அதுக்குப் பேர் ரீகால். அந்தக் கூப்பாடு, இப்போ அந்த வண்டியை ஓட்டிட்டு இருக்கிற ஆள் காதுக்கு வந்து சேருதா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குற ஆள். சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. ராசிபுரத்துக்குப் பக்கம், கொல்லிமலை அடிவாரம், மஞ்சளுக்குப் பேர் போன ஊர்.

எங்க ஊர்ப் பக்கம் வண்டி பத்தித் தெரியாத வீடே கிடையாது. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுறாங்க. திருச்செங்கோட்ல இருந்து போர்வெல் ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போகுது. சங்ககிரியில லாரி ஓனர் இல்லாத தெரு தேடணும். இப்படி ஒரு ஊர்ல மெக்கானிக்குன்னா அவருக்குக் காதுதான் ஸ்கேனர். வண்டி பட்டறைக்குள்ள நுழையுற சத்தத்தை வெச்சே, "கிளட்ச் பிளேட் போச்சுங்க", "ரெண்டாவது கியர் பல்லு தேஞ்சிருக்கு", "பேரிங் கத்துது"ன்னு சொல்லிடுவார். தொண்ணூறு சதவீதம் சரியா இருக்கும்.

ஏன் சரியா இருக்கும்னா, மேனுவல் கியர்பாக்ஸ் கெட்டுப் போகும்போது ஏதோ ஒரு அடையாளம் காட்டிட்டுத்தான் கெடும். சத்தம் வரும், நாத்தம் வரும், ஆயில் கசியும், கழட்டிப் பார்த்தா பல் உடைஞ்சிருக்கும். கையில எடுத்துக் காட்டலாம். சாஃப்ட்வேர்ல இருக்கிற தப்பு அப்படி இல்லை. கழட்டிப் பார்த்தா எல்லாப் பாகமும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். தப்பு ஒரு நிபந்தனை வரியில இருக்கும். அதுக்குச் சத்தமும் கிடையாது, நாத்தமும் கிடையாது.

கியரை மாத்துறது யாரு?

முதல்ல அடிப்படை. நம்ம ஊர்ல விக்கிற ஆட்டோமேட்டிக் கார்ல பெரும்பாலும் நாலு வகை. ஒண்ணு ஏஎம்டி: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஆனா கிளட்சை மிதிக்கிறதும் கியரை நகர்த்துறதும் ஒரு சின்ன இயந்திரக் கை. 2014-ல மாருதி செலேரியோ இதைக் கொண்டு வந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக்ங்கிறது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுற விலைக்கு வந்துச்சு. ரெண்டாவது டார்க் கன்வெர்ட்டர்: ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுற பழைய, நம்பகமான முறை. மூணாவது டூயல் கிளட்ச்: ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒத்தைப்படை கியருக்கு, இன்னொண்ணு இரட்டைப்படை கியருக்கு. நாலாவது சிவிடி: இதுல தனித்தனி கியரே கிடையாது. ரெண்டு கப்பி, நடுவுல ஒரு ஸ்டீல் பெல்ட். கப்பி அகலமாகிச் சுருங்கி விகிதத்தை மாத்திக்கிட்டே இருக்கும்.

நாலு வகையிலயும் பொதுவான ஒரு விஷயம், முடிவு எடுக்கிறது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் யூனிட்னு சொல்வாங்க. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அமுங்கியிருக்கு, சக்கரம் என்ன வேகத்துல சுத்துது, பிரேக்ல கால் இருக்கா, ஆயில் எவ்வளவு சூடு, லீவர் எந்த இடத்துல இருக்கு, இதையெல்லாம் சென்சார் மூலமா திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டே இருக்கும். படிச்சுட்டு, "இப்போ மூணாவது போ", "கிளட்சைப் பாதி விடு", "பெல்ட்டை இன்னும் இறுக்கு"ன்னு உத்தரவு போடும். நாம மிதிக்கிற ஆக்ஸிலரேட்டர் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற மனு மாதிரி. மனுவை ஏத்துக்கிறதும் தள்ளிவிடுறதும் அது கையில.

அந்த முடிவு தப்பானா என்ன ஆகும்? ரெண்டு உதாரணம்.

முதல் உதாரணம் நம்ம நாட்டுலயே நடந்தது. 2015-ல ஹோண்டா, சிட்டி சிவிடி கார்கள் 3,879-ஐ ரீகால் பண்ணாங்க. 2014 பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் நடுவுல தயாரான வண்டிகள். செய்ய வேண்டிய வேலை, சிவிடி சாஃப்ட்வேரை அப்டேட் பண்றது. அதே வருஷம் அமெரிக்காவிலயும் சிவிக், ஃபிட் கார்கள் சுமார் 1,43,000-க்கு இதே மாதிரி சிவிடி சாஃப்ட்வேர் ரீகால். அங்க அரசுக்குக் கொடுத்த விளக்கம் இதுதான்: சாஃப்ட்வேர் அமைப்பு சரியில்லாததால, கப்பியைத் தாங்குற ஷாஃப்ட் சேதமாகலாம். ஓடும்போது அது உடைஞ்சா, வண்டி இழுவையை இழக்கலாம், இல்லைன்னா முன் சக்கரம் லாக் ஆகலாம்.

யோசிச்சுப் பாருங்க. உடையப் போறது இரும்பு. உடைக்கிறது சாஃப்ட்வேர். ஷாஃப்ட் உடைஞ்ச பிறகு பட்டறைக்குப் போனா, "மட்டமான இரும்புங்க"ன்னுதான் யாரும் சொல்வாங்க. நிஜமான காரணம் அந்த இரும்புமேல தேவையில்லாத பளுவை ஏத்துன உத்தரவு. புது ஷாஃப்ட் போட்டாலும் சாஃப்ட்வேர் பழசாவே இருந்தா அதுவும் ஒருநாள் உடையலாம்.

ரெண்டாவது உதாரணம் அமெரிக்கா. ஃபோர்டு எஃப்-150, அந்த நாட்டுல அதிகமா விக்கிற பிக்கப் வண்டி. அதோட ஆறு கியர் ஆட்டோமேட்டிக்ல ஒரு பிரச்சினை: கியர்பாக்ஸ்ல இருந்து வெளியே வர்ற ஷாஃப்ட்டோட வேகத்தைச் சொல்ற சென்சார் சிக்னல் திடீர்னு கண நேரம் அறுந்து போகுது. அப்போ வண்டி, ஓடுற வேகத்துலயே சட்டுனு முதல் கியருக்கு இறங்கிடலாம். ஹைவேல போயிட்டு இருக்கும்போது முதல் கியர் விழுந்தா பின் சக்கரம் இழுத்துப் பிடிக்கும், வண்டி கட்டுப்பாடு போகும். 2016-ல ஒரு ரீகால். 2019-ல 2011 முதல் 2013 வரை மாடல் சுமார் 14.8 லட்சம் வண்டிகள். 2024-ல 2014 மாடல் சுமார் 5.5 லட்சம் வண்டிகள். எட்டு வருஷத்துல மூணு தடவை, ஒரே மாதிரி குறை. சரி பண்ண வழி, சாஃப்ட்வேர் அப்டேட்.

சாஃப்ட்வேர் எழுதுற நண்பர்களுக்கு இது பழக்கமான பூதம். "தகவல் வரலை" என்பது ஒண்ணு, "வேகம் பூஜ்ஜியம்" என்பது வேற. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு எழுதுனா என்ன ஆகும்? நம்ம வெப்சைட்ல, ஒரு பக்கத்துல "0 ரூபாய்"னு தப்பாக் காட்டும். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து மீம் போடுவாங்க, சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடுவோம். எஃப்-150-ல உள்ளே சரியா எந்த வரி தப்புன்னு நான் சொல்ல வரலை. ஒரு சென்சார் சும்மா இருந்தா, அந்த மௌனத்தை வண்டி எப்படிப் புரிஞ்சுக்கணும்னு முன்னாடியே யோசிச்சு எழுதணும். அதுதான் பாடம். அங்கே தப்பு நடந்தா மீம் வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்.

"ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் இருக்கும்"

இப்போ இந்தக் குறையை முதல்ல கண்டுபிடிக்கப் போறது யாரு? மெக்கானிக் காதுக்குக் கேட்காது. கம்பெனி டெஸ்ட்ல தப்பிச்சுத்தான் வெளியே வந்திருக்கு. மிச்சம் இருக்கிறது ஓட்டுறவங்க மட்டும்தான். தினமும் அந்த சீட்ல உட்கார்றவங்களுக்குத்தான் ஏதோ சரியில்லைன்னு முதல்ல தெரியும். அவங்க சொல்றதை நாம எப்படி எடுத்துக்கிறோம்?

எங்க சித்தி கதையைச் சொல்றேன். அவங்க அனுமதியோடதான். சித்தி ராசிபுரத்துல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல டிரைவிங் கத்துக்கிட்டாங்க. சித்தப்பா சேலத்துல ஒரு புரோக்கர் மூலமா செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு வாங்குனார். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, இந்தக் கதைக்கு அது வேண்டாம். கர்நாடகா பதிவு வண்டி, தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்துனது. சித்தப்பா மூணாவது ஓனர்.

சில மாசத்துல சித்தி சொல்ல ஆரம்பிச்சாங்க: "வண்டி சில நேரம் யோசிக்குது, அப்புறம் எகிறுது." சித்தப்பா சொன்னார், "நீ பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற." பட்டறையில ஓட்டிப் பார்த்தாங்க, ஆயில் பார்த்தாங்க. "வண்டியில குறை ஒண்ணும் இல்லீங்க. ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் இருக்கும். அக்கா கொஞ்சம் பழகணும்." அவ்வளவுதான். சித்தி கொஞ்ச நாள்ல வண்டி எடுக்கிறதையே விட்டுட்டு, பழையபடி பஸ்ல போக ஆரம்பிச்சாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ கேட்டேன். சித்தி சொன்ன பதிலை அப்படியே சொல்றேன்: "எப்பவும் இல்ல கண்ணு. காத்தால எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடானப்புறம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஊர்ந்து போவோம்ல, நிக்காம நிக்கிற மாதிரி, அப்ப மறுபடி லேசா மிதிச்சா ஒரு செகண்ட் ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஒரே தாவு."

ஆபீஸ்ல டெஸ்டர்கள்கிட்ட இருந்து நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்குற தகவல் இது. எப்போ வருது, எப்போ வரலை, என்ன செஞ்சா வருது, என்ன ஆகுது. நாலும் இருக்கு. பட்டறையில ஓட்டிப் பார்த்தது காலையில, ஆறின வண்டியில, காலி ரோட்டுல. குறை வர்ற நிலைமையே அங்க இல்லை.

ஆர்சி-யை வாங்கி, சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல ரீகால் பக்கத்துல போட்டேன். அஞ்சு செகண்ட். "டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் சாஃப்ட்வேர் அப்டேட், நிலுவையில் உள்ளது"ன்னு வந்துச்சு. சித்தப்பா அந்த வண்டியை வாங்குறதுக்கு முன்னாடியே அறிவிச்ச ரீகால். சேலம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். லேப்டாப்பை வயர்ல மாட்டி, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சாங்க. ஒரு ரூபா பில் இல்லை. "ஏன் எங்களுக்குத் தகவல் வரலை"ன்னு கேட்டதுக்கு, "லெட்டர் போட்டிருக்கோமே சார்"னாங்க. போட்டிருக்காங்க, பெங்களூர்ல இருக்கிற முதல் ஓனருக்கு.

அதுக்கப்புறம் அந்தத் தாவல் வரலை. சித்தி சொன்னது ஒண்ணே ஒண்ணு: "என் கால் மேல தப்பில்லைன்னு உங்க சித்தப்பாகிட்ட நீயே சொல்லிடு."

இது ஏதோ எங்க வீட்டுக் கூத்துன்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவில ஃபோர்டு, பவர்ஷிஃப்ட்ங்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸோட ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களை வித்தாங்க. வண்டி நடுங்குது, குலுங்குதுன்னு புகார் வந்துச்சு. பல பேர்கிட்ட, நீங்க ஓட்டுற விதத்தாலதான் அப்படின்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அது வண்டியோட தரக்குறைபாட்டோட அறிகுறின்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தும் அப்படிச் சொன்னாங்க என்பதுதான் அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வெச்ச குற்றச்சாட்டு. 2018 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. ஃபோர்டும் ஒத்துக்கிட்டாங்க.

"உங்களுக்கு ஓட்டத் தெரியலை"ங்கிற வார்த்தை மெல்பர்ன்லயும் ஒண்ணுதான், ராசிபுரத்துலயும் ஒண்ணுதான். எங்க ஊர்ல அது யார் மேல முதல்ல விழும்னு சொல்ல வேண்டியதில்லை. புதுசா ஓட்டக் கத்துக்கிட்ட பெண்கள், கால் வலியால கிளட்ச் மிதிக்க முடியாம ஆட்டோமேட்டிக்குக்கு மாறுன பெரியவங்க. ஆட்டோமேட்டிக் யாருக்கு அதிகமா உதவுதோ, அவங்க புகாருக்குத்தான் மதிப்பு குறைவு.

லெட்டர் எங்கே போகுது?

நம்ம பக்கத்துக்கு ஆட்டோமேட்டிக் கார் எப்படி வருதுன்னு பாருங்க. பெங்களூர் டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சு வெறுத்துப் போன ஒருத்தர் புதுசா வாங்குறார். நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டு வித்துடுறார். ரெண்டாவது ஆள் ஓசூரோ, சேலமோ. அவரும் வித்துடுறார். மூணாவதா அது நாமகிரிப்பேட்டைக்கு, ஆத்தூருக்கு, தம்மம்பட்டிக்கு வந்து சேருது. ஆர்டிஓ ஆபீஸ்ல பேர் மாறும். இன்சூரன்ஸ்ல பேர் மாறும். கம்பெனியோட கம்ப்யூட்டர்ல, வெளி பட்டறையிலயே சர்வீஸ் விடுற வண்டிக்கு, முதல் ஓனர் பேரும் பழைய போன் நம்பரும் அப்படியே கிடக்கும். ரீகால் மெசேஜ் போறது அந்த நம்பருக்குத்தான்.

வண்டி கொல்லிமலை ஏறுது. காரவள்ளி பக்கம் இருந்து போனா 70 கொண்டை ஊசி வளைவு. ஊர்ந்து ஏறி, திரும்பி, மறுபடி மிதிக்கிற இடம் எழுபது. கியர்பாக்ஸ் சாஃப்ட்வேருக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வேண்டாம். அந்த வண்டிக்கான எச்சரிக்கை ஒயிட்ஃபீல்டுல யாரோ ஒருத்தர் போன்ல படிக்காம கிடக்குது.

எச்சரிக்கைக்கும் ரிப்பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி எவ்வளவு ஆபத்துன்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு சம்பவம் இருக்கு. ஸ்டார் டிரெக் படங்கள்ல நடிச்ச ஆண்டன் யெல்சின். 2016 ஜூன் 19, லாஸ் ஏஞ்சலஸ். அவரோட ஜீப் கிராண்ட் செரோக்கி, வீட்டு வாசல் சரிவுல தானா உருண்டு வந்து அவரை நசுக்கிடுச்சு. வயசு 27. அந்த வண்டியோட கியர் லீவர், தள்ளுனதும் மறுபடி நடுவுக்கே வந்து நின்னுடும். அதனால பார்க்ல போட்டாச்சுன்னு நினைச்சு நிறைய பேர் இறங்கிட்டாங்க. ஏப்ரல் மாசமே 11 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவிச்சாச்சு. அவர் ஓட்டுன மாடலும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. தீர்வு என்ன தெரியுமா? டிரைவர் இறங்குனா வண்டியே தானா பார்க்குக்குப் போற மாதிரி ஒரு சாஃப்ட்வேர்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில ரொம்ப காலமா ரீகாலுக்குச் சட்டமே இல்லை. 2012-ல வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம், தாங்களாவே கடைப்பிடிக்கிற ஒரு நெறிமுறையைக் கொண்டு வந்தாங்க. ஹோண்டா சிட்டி ரீகால் அந்தக் காலத்துதான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தாங்க. அதன்படி, ஓட்டுறவங்களுக்கோ ரோட்டுல போறவங்களுக்கோ ஆபத்தான குறை இருந்தா மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம். அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. கட்டாய ரீகாலுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, அரசு எப்போ தலையிடும்? குறிப்பிட்ட எண்ணிக்கையில ஓனர்கள் புகார் பதிவு பண்ணியிருக்கணும். எத்தனை வண்டி வித்திருக்கோ, அதைப் பொறுத்து அந்த எண்ணிக்கை மாறும். அப்படின்னா புகார்தான் கணக்கு. "பழகணும் அக்கா"ன்னு சொல்லி அனுப்பின புகார் எந்தக் கணக்குலயும் வராது. நாடு முழுக்க ஆயிரம் சித்திகள் ஒரே தாவலைப் பார்த்திருந்தாலும், எழுத்துல ஒண்ணும் இல்லைன்னா, அரசு பார்வையில அந்த வண்டியில குறையே இல்லை.

ரெண்டாவது, அந்த விதிகள் தயாரிச்சு ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். காரோட பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். நம்ம ஊருக்கு மூணாவது கை மாறி வர்றப்போ வண்டிக்கு ஆறு, ஏழு, எட்டு வயசு. நம்மகிட்ட வந்து சேர்ற நேரத்துல சட்டத்தோட கை விலகுது. பெரிய நகரத்துல புது வண்டி ஓட்டுறவருக்கு இருக்கிற பாதுகாப்பு, அதே வண்டியைப் பின்னாடி ஓட்டுற கிராமத்து ஆளுக்கு ஏன் இருக்கக் கூடாது? என்னைக் கேட்டா, ஆர்டிஓ-வில பேர் மாத்தும்போதே அந்த சேஸிஸ் நம்பருக்கு நிலுவையில ரீகால் இருக்கான்னு திரையில வரணும். டிராஃபிக் ஃபைன் நிலுவையைக் காட்டத் தெரிஞ்ச சிஸ்டத்துக்கு இது ஒரு கூடுதல் கட்டம். ஜெர்மனியில பாதுகாப்பு ரீகாலைச் செய்யாம விட்டா, வண்டியை ரோட்டுல ஓட்டவே தடை விதிக்க முடியும். அந்த அளவுக்கு வேண்டாம். வாங்குறவருக்குத் தெரியட்டும், அது போதும்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லணும். ரீகால் பண்ற கம்பெனி மோசமான கம்பெனின்னு முடிவுக்கு வந்துடாதீங்க. 2024 பிப்ரவரியில ஹூண்டாய், க்ரெட்டா, வெர்னா சிவிடி கார்கள் 7,698-ஐத் திரும்பக் கூப்பிட்டாங்க. கியர்பாக்ஸுக்கு ஆயில் தள்ளுற எலக்ட்ரானிக் பம்ப்போட கண்ட்ரோலர்ல சந்தேகம். அதே மாசம் கியா, செல்டோஸ் 4,358-ஐ அதே காரணத்துக்காகக் கூப்பிட்டாங்க. எல்லாமே 2023-ல தயாரானவை, வண்டி வெளியே வந்து ஒரு வருஷத்துக்குள்ள கூப்பிட்டாச்சு. குறையை ஒத்துக்கிட்டுச் சீக்கிரம் கூப்பிடுறவங்களை நாம வாட்ஸ்அப்ல கிண்டல் பண்ணா, அடுத்த தடவை சத்தம் போடாம சர்வீஸ்ல மாத்திட்டுப் போகத்தான் நினைப்பாங்க. நம்ம தொழில்லயும் ஒரு பக்-ஐ வெளிப்படையா ஒத்துக்கிட்டு பேட்ச் விடுற டீமைத்தான் நம்புறோம்.

புது வண்டிகள்ல போன் மாதிரி காத்துவழியா அப்டேட் வருது. அமெரிக்காவில டெஸ்லா 2023 டிசம்பர்ல சுமார் 20 லட்சம் வண்டிகளுக்கு ரீகாலையே அப்படித்தான் செஞ்சாங்க. யாரும் சர்வீஸ் சென்டருக்குப் போகலை. வண்டிக்கே நேரா லெட்டர் போற மாதிரி. எல்லா வண்டிக்கும் அந்த வசதி வர்ற வரைக்கும், இப்போ ரோட்டுல இருக்கிற பழைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு நாமதான் தபால்காரர்.

என்ன செய்யலாம்?

ஒண்ணு. ஆர்சி-யில 17 எழுத்துள்ள சேஸிஸ் நம்பர் இருக்கும். வின் நம்பர்னும் சொல்வாங்க. உங்க வண்டிக் கம்பெனியோட வெப்சைட்ல ரீகால் பக்கத்துல அதைப் போட்டுப் பாருங்க. சியாம் தளத்துலயும் கம்பெனிகளோட ரீகால் விவரம் கிடைக்கும். பக்கம் கிடைக்கலைன்னா கஸ்டமர் கேருக்கு போன் போட்டு நம்பரைச் சொல்லிக் கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

ரெண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குனா, சர்வீஸ் அங்க விடுறீங்களோ இல்லையோ, கம்பெனிக்கு உங்க பேரையும் நம்பரையும் கொடுத்து ஓனர் விவரத்தை மாத்தச் சொல்லுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே ரீகால் நிலுவை இருக்கான்னு பார்த்துட்டா இன்னும் நல்லது.

மூணு. வண்டி தாவுது, தயங்குது, தானா கியர் இறங்குதுன்னு தோணுச்சுன்னா எழுதி வைங்க. எந்த நேரம், எவ்வளவு தூரம் ஓடுன பிறகு, என்ன வேகம், மேடா இறக்கமா, ஏசி ஓடுச்சா. டேஷ்போர்டுல லைட் எரிஞ்சா போட்டோ. சர்வீஸ் சென்டர்ல வாயால சொல்லிட்டு வராதீங்க, ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. "அப்படித்தான் இருக்கும் சார்"னு சொன்னா, அந்தப் பதிலையும் எழுதித் தரச் சொல்லுங்க. பாதி நேரம் அங்கேயே பேச்சு மாறும். ஒன்றிய அரசோட வாகன் தளத்துல ரீகால் புகாருக்குன்னே தனிப் பகுதி இருக்கு. அங்கேயும் பதிவு பண்ணுங்க.

நாலு. ஓடும்போது வண்டி உங்க பேச்சைக் கேட்கலைன்னா, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து பிரேக்கை உறுதியா மிதிங்க, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்க, ஓரம் கட்டுங்க. ஓடிட்டு இருக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க, ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனமாகிடும். நிறுத்துன பிறகு ஹேண்ட் பிரேக் போட்டுட்டு இறங்குங்க. பார்க்கை மட்டும் நம்பி சரிவுல விடாதீங்க.

அஞ்சு. இது இந்த எபிசோடைக் கேட்கிற, ஊரைவிட்டு வந்து சிட்டியில வேலை பாக்குற உங்களுக்கு. வெப்சைட்ல நம்பர் போடத் தெரிஞ்ச ஆள் நீங்க. ஊர்ல உங்க அப்பா, அத்தை, பெரியப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார் ஓட்டுற வண்டிக்கு அதைச் செய்யுங்க. இந்த ஞாயித்துக்கிழமை போன் பேசும்போது ஆர்சி-யைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கார் மட்டும் இல்லை, பைக்குக்கும் ரீகால் உண்டு. 2021-ல ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 பைக்குகளைக் கூப்பிட்டாங்க. அதுல எத்தனை பைக் இன்னைக்கு மூணாவது கையில இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

கடைசியா, யாராவது "வண்டி ஏதோ மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, "எப்போ, எங்கே, எப்படி"ன்னு மூணு கேள்வி கேளுங்க. காலைப் பாக்குறதை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.

செக் பண்ணிப் பார்த்து நிலுவை ரீகால் ஏதாவது கிடைச்சா எனக்கு எழுதுங்க. வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் அனுப்ப வேண்டாம். எத்தனாவது ஓனர், லெட்டர் வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி. சார்ஜ் போட்டுட்டுத் தூங்கலாமான்னு பேசுவோம். அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க மக்களே.